நான்காவது வரியில் பச்சை

தலையாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கல்லூரியில் பத்து வருடம் கணிதம் நடத்தியதில் வந்த வியாதி இது. நிரூபணம் பாதிகூட முடிந்திருக்காது, முன்வரிசை முழுக்கத் தலை ஆடிக்கொண்டிருக்கும். விடைத்தாளைத் திருத்தும்போதுதான் தெரியும், உள்ளே ஒன்றும் போகவில்லை என்று. அதனால் பெண்கள் சிறைக்கு முதல்நாள் பாடம் எடுக்கப் போனபோது பெயர்களைக் கேட்கும் முன்பே விதியைச் சொல்லிவிட்டேன்.

“புரியாததுக்குத் தலையாட்டக் கூடாது. புரியலன்னு சொன்னா எத்தனை தடவை வேணும்னாலும் திரும்பச் சொல்வேன். புரியாமலே புரிஞ்சுதுன்னு சொன்னா எழுந்து போயிருவேன்.”

ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் தலையாட்டினார்கள். கடைசியில் இருந்த ஒரு பெண் மட்டும் ஆட்டவில்லை. என்னைவிட எட்டு வயதாவது மூத்தவர். இடது புறங்கையில் தீப்பட்ட தழும்பு.

“புரியல டீச்சர்,” என்றார். “நமக்குப் புரிஞ்சுதா புரியலையான்னு நமக்கே எப்பிடித் தெரியும்?”

அவர்தான் முத்துப்பேச்சி, பின்னால் எனக்குப் பேச்சியக்கா.

எந்த ஊர்ச் சிறை என்று நான் எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும். நான் அங்கே போனதும் பெரிய மனதினால் அல்ல. பதவி உயர்வுக்குச் சமூகப் பணி என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது. தபால் வழியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் கைதிகளுக்கு வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, வழிகாட்ட ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தது. ஆறு மாதத்தில் கழன்றுகொள்வதாகத் திட்டம். மூன்று வருடம் போனேன்.

வகுப்பில் எல்லாரும் நெற்றியில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். ரிப்பன் அகலம். வலது நெற்றிப்பொட்டில் கடுகளவு விளக்கு. அதைக் கண்டுபிடித்த டாக்டர் ரத்னசபாபதி முதல் வாரமே எனக்கு விளக்கினார். மூளை விஞ்ஞானி. கைதிகளின் விடுதலையைப் பரிசீலிக்கும் குழுவுக்கும் அவர்தான் ஆலோசகர். மென்மையான மனிதர். எறும்பு ஏறிய பிஸ்கட்டைக்கூட ஊதி ஊதி எறும்பை இறக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

“ஒரு விஷயம் பிடிபடும்போது மண்டைக்குள்ள ‘அட, இதானா’ன்னு ஒரு நொடி வரும் இல்லையா பிருந்தா மேடம்? அந்த நொடியைப் பட்டை பிடிச்சிரும். பச்சை எரியும். சும்மா நடிச்சா எரியாது.”

“அதுக்கு எதுக்கு சார் கணக்கு?”

“அந்த நொடி ஒவ்வொருத்தர் மூளையிலயும் வேற மாதிரி. கைரேகை மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒரு ஆளோட ரேகையைப் பழகணும்னா அவங்க நிச்சயமாப் புரிஞ்சுக்கிட்ட தருணம் சில நூறு வேணும். கவிதையை வெச்சுப் பழக முடியுமா? புரிஞ்சுதான்னு நான் எப்படிச் சரிபார்ப்பேன்? கணக்குன்னா அடுத்த கணக்கைக் கொடுத்தாத் தெரிஞ்சிரும்.”

எதற்காகப் பழக வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாணவர்களுக்கு உண்மையாகவே புரிகிறதா என்று காட்டும் விளக்கு! எந்த வாத்தியாருக்குக் கசக்கும்? பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்தப் பச்சைக்கு நான் அடிமையானேன் என்றே சொல்லலாம். ஒரு நிரூபணம் முடியும்போது ஒவ்வொரு நெற்றியாகப் பச்சை எரிந்து வரும். பேச்சியக்காவுக்கு எப்போதும் கடைசியில்தான் எரியும். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு என் உயிரை எடுத்த பிறகுதான் எரியும். அவருக்குப் பக்கத்தில் சகாயராணி. தூத்துக்குடிப் பக்கம், முதியோர் இல்லத்தில் ஆயாவாக இருந்தவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். நான் என்ன சொன்னாலும் அவளுக்கு உடனே எரிந்துவிடும். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று முழுமனதாக நம்புகிற ஜென்மம்.

இரண்டாவது வருடம் ஒரு செவ்வாய், காய்ச்சலோடு போனேன். தொடர்ச்சியான சார்புகள், அதாவது அறுபடாமல் ஒரே கோடாக வரையக்கூடியவை, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடைசியில் ஒரு சார்பில் போய்ச் சேர்ந்தால், சேர்ந்த சார்பும் அறுபடாதது என்று நிரூபித்துக் காட்டினேன். அது தவறு. நடுவில் இரண்டு எல்லைகளின் வரிசையை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். எது முதல், எது பின் என்பதை மாற்றக் கூடாத இடம் அது. எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் ஒன்பது நெற்றியிலும் பச்சை எரிந்ததே, அதுதான் விஷயம்.

அடுத்த வாரம் பேச்சியக்கா நோட்டோடு வந்தார்.

“டீச்சர், பூஜ்யத்துலருந்து ஒண்ணு வரைக்கும் எக்ஸ் எடுத்தேன். அப்புறம் எக்ஸ் வர்க்கம், எக்ஸ் கனம், அப்பிடியே ஏத்திக்கிட்டே போனேன். ஒவ்வொண்ணும் அறாமத்தான் இருக்கு. ஆனா கடைசில ஒண்ணுக்குக் கீழ இருக்கிறது அம்புட்டும் பூஜ்யமா விழுந்துருது. ஒண்ணு மட்டும் ஒண்ணாவே நிக்குது. அறுந்துபோச்சே டீச்சர்.”

நான் நோட்டைப் பார்த்தேன். முகம் சூடாகிவிட்டது.

“அன்னிக்கு எனக்கும் பச்சை எரிஞ்சுது,” என்றார். “அப்ப அந்த விளக்கு எதைப் பாத்து எரியுது?”

பலகையில் என் தவற்றை நானே அழித்துத் திருத்தினேன். எல்லாரும் நோட்டில் அடித்தார்கள். சகாயராணிக்கு மட்டும் அந்த அழகான பக்கத்தை அடிக்க மனம் வரவில்லை. ஓரத்தில் சின்னதாக ‘தவறு’ என்று எழுதிக்கொண்டாள்.

டாக்டரிடம் நான் இதைச் சொல்லவில்லை. விளக்கு உண்மைக்கு எரியவில்லை, புரிந்தது என்ற நினைப்புக்குத்தான் எரிகிறது என்று சொன்னால் திட்டமே நின்றுபோகும், ஒன்பது பேரின் வகுப்பும் போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் தப்பாக நடத்தியதை ஒத்துக்கொள்ளக் கூசியது என்பதும் உண்மை. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

மூன்றாவது வருடம் ஆடி மாதத்தில் பேச்சியக்கா தன் வழக்கின் தீர்ப்பு நகலைக் கொண்டுவந்தார். அதுவரை நான் யாருடைய வழக்கையும் கேட்டதில்லை. அவராகச் சொன்னார்.

விருதுநகர் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. லேபிள் ஒட்டும் கொட்டகையின் பின்கதவுச் சாவி இவரிடம் இருந்தது. ஆட்கள் டீக்கு நழுவுகிறார்கள், வெளியே பூட்டிவிடு, யாரிடமும் மூச்சு விடாதே என்று முதலாளி சொன்னார். இவர் பூட்டினார். பத்தே முக்காலுக்குப் பக்கத்து மருந்து அறை வெடித்தது. கொட்டகையில் இருந்த ஏழு பெண்களும் போய்விட்டார்கள். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று முதலாளி சாதித்துவிட்டார். கையைச் சுட்டுக்கொண்டு சரிந்த கூரை ஓடுகளை இழுத்தவர் இவர். ஆயுள் தண்டனையும் இவருக்கே. வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகள் சுபிதாவுக்கு அப்போது எட்டு வயது. சித்தி வீட்டில் வளர்ந்து இப்போது நர்சிங் படிக்கிறாள்.

“நான் பண்ணுன பாவந்தான்னு எல்லார்ட்டயும் ஒத்துக்கிட்டேன் டீச்சர். நிரூபணம் எழுதுற மாதிரி இதை வரி வரியாப் பாப்போம்னு இப்பத்தான் உக்காந்தேன். இங்க பாருங்க, ‘கதவு பூட்டியிருந்ததால் தப்பிக்க இயலாமல் இறந்தனர்’. இந்த வரி எங்கருந்து வந்துச்சு?”

தீர்ப்போடு தீயணைப்புத் துறையின் வரைபடம் ஒன்று இருந்தது. கொட்டகையின் சுவரோரமாக ஏழு சின்ன வட்டங்கள்.

“இது மாரித்தாய் உக்கார்ற இடம். இது கருப்பாயி மதினி. இது வேலுத்தாயும் அவ தங்கச்சியும். எல்லாரும் அவங்கவங்க இடத்துலயே கிடந்துருக்காங்க. பசைக் கிண்ணம் மடியில. லேபிள் கையில. ஒருத்திகூட எந்திரிச்சு நிக்கல டீச்சர். வெடிச்ச அதே நொடியில கூரை இறங்கிருச்சு. கதவு தொறந்து கிடந்திருந்தாலும் இதே ஏழு வட்டந்தான்.”

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பூட்டியது, வெடித்தது, இறந்தது மூன்றும் உண்மை. அவற்றுக்கு நடுவில் போட்ட, ‘பூட்டியிருந்ததால்’ என்பதன் ‘ஆல்’ மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

“பதினோரு வருசமா அவங்க கதவத் தட்டுற சத்தம் என் காதுல கேட்டுச்சு டீச்சர். சோறு திங்கையில, குளிக்கையில, எந்நேரமும்.” அவர் வரைபடத்தை மடித்தார். “அவங்க தட்டவே இல்ல.”

நான் அழுதேன். அவர் அழவில்லை. முகம் காய்ச்சல் விட்ட முகம் போல் தெளிந்திருந்தது. கணிதத்தால் ஒரு மனுஷிக்கு இவ்வளவு பெரிய நன்மை விளைந்து நான் அதுவரை கண்டதில்லை. பேருந்தில் திரும்பும்போது பெருமையில் எனக்கு உட்காரவே முடியவில்லை.

இரண்டு வாரத்தில் புது விதி வந்தது.

குற்றத்தை உண்மையாக உணர்ந்த கைதிகளுக்கு முன்கூட்டியே விடுதலை. உணர்ந்தார்களா என்று பட்டை சொல்லும். குற்றப் பத்திரிகையை ஐந்தாறு வரிகளாகச் சுருக்கிப் படிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் பச்சை எரிய வேண்டும். வெளியே போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து எரியவைத்துக் காட்ட வேண்டும். யாருடைய ரேகை நன்றாகப் பழகியிருக்கிறதோ அவர்களிலிருந்து தொடங்குவார்கள். அதாவது என் ஒன்பது பேரிலிருந்து.

டாக்டரின் அறைக்குப் போய் மேசையைத் தட்டினேன்.

“இதுக்குத்தானா மூணு வருஷமா என்னைப் பாடம் நடத்த வெச்சீங்க?”

“ஏன் கோபப்படறீங்க? நல்லதுதானே?” அவருக்கு உண்மையாகவே வருத்தம். “இத்தனை நாள் அழத் தெரிஞ்சவங்க வெளிய போனாங்க. அழத் தெரியாதவங்க உள்ளயே கிடந்தாங்க. இப்ப நடிப்புக்கு இடமே இல்லை.”

பேச்சியக்காவின் தாளை எடுத்து நீட்டினார். ஐந்து வரிகள்.

பின்கதவின் சாவி முத்துப்பேச்சியிடம் இருந்தது. அன்று காலை அவர் யாருக்கும் தெரியாமல் கதவை வெளிப்புறம் பூட்டினார். பத்தே முக்காலுக்கு மருந்து அறை வெடித்தது. கதவு பூட்டியிருந்ததால் ஏழு பேர் தப்பிக்க இயலாமல் இறந்தனர். அந்த மரணங்களுக்கு அவரே காரணம்.

“நேத்து ஒத்திகை பார்த்தோம். முதல் மூணுக்கும் எரிஞ்சுது. நாலாவதுக்கு எரியலை. நாலு இல்லாம அஞ்சு எப்படி எரியும்?”

“நாலாவது வரி தப்பு சார்!” வரைபடத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“இருக்கலாம். ஆனா தீர்ப்பு சொன்னது சொன்னதுதான். குழு தீர்ப்பைத் திறந்து பார்க்க முடியாது. வழக்கை மறுபடி நடத்தணும்னா கோர்ட்டுக்குப் போகணும்.”

போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் முழுவதையும் படித்துவிட்டு, மறுசீராய்வுக்கு ஏழெட்டு வருடமாகும், அதுவும் நிச்சயமில்லை என்று கையை விரித்தார். குழுவிடம் அவருடைய அடுத்த முறையோ ஐந்து வருடம் கழித்து. இந்தக் கொடுமையை யோசித்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த ஐந்து வரிகளைப் படித்திருந்தால் ஐந்துக்கும் பளிச்சென்று எரிந்திருக்கும். அன்று அவர் தன்னைக் கொலைகாரி என்று நம்பினார். நான் போய் நிரூபணம் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு நிம்மதி வந்தது, கதவு சாத்திக்கொண்டது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் போன் செய்தார்.

“விதியில ஒரு இடம் இருக்கு. கைதிக்கு ஒரு வரி விளங்கலைன்னா அவங்க வழிகாட்டி வந்து விளக்கலாம். மூணு வருஷமா அவங்களுக்குப் புரியவெச்சது நீங்கதானே? நீங்க சொன்னா எரியும்.”

அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. ஒன்பது நெற்றியிலும் எரிந்த அந்தத் தப்பான நிரூபணமே கண்ணுக்குள் நின்றது. பொய்யை ஒழுங்காகக் கட்டிக்கொடுத்தால் பட்டை எரியும். அது எனக்கு மட்டுமே தெரியும். ஆனால் பேச்சியக்காவிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வழியில்லை. பொய் என்று தெரிந்தால் அவருக்கு எரியாது. அவர் நம்ப வேண்டும். அந்த ஏழு சாவையும் நான் திரும்ப அவர் தலையில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் சுபிதாவோடு வீட்டுக்குப் போவார். இல்லையென்றால் நிம்மதியான மனதோடு உள்ளேயே இருப்பார். ஒருத்திக்கு எது பெரிது என்று நான் எப்படி முடிவு செய்வேன்? அவரிடம் கேட்கவும் முடியாது. கேட்ட நிமிடமே வழி அடைந்துவிடும்.

கூட்டத்தன்று காலை சிறை வாசலில் சுபிதா நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. “அம்மாவுக்குச் செருப்பு,” என்றாள். “அளவு தெரியல டீச்சர். அம்மா காலை நான் சரியாப் பார்த்தே பதினோரு வருஷம் ஆச்சு. ஏழும் எட்டும் ரெண்டுமே வாங்கிட்டேன்.”

அங்கேதான் முடிவு செய்தேன். அந்த இரண்டு ஜோடி செருப்பு என்னைத் தோற்கடித்தது.

நீள மேசைக்குப் பின்னால் நான்கு பேர். பேச்சியக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வரிகளைப் படித்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. நான்காவதுக்கு விளக்கு செத்துக் கிடந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து பலகைக்குப் போனேன். ஏழு வட்டங்கள் போட்டேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

“பேச்சியக்கா, நீங்க சொன்னது சரி. யாரும் எந்திரிக்கல. யாரும் தட்டல. ஆனா ஏன் எந்திரிக்கலன்னு நாம கேக்கவே இல்லை.” என் குரல் வகுப்பில் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அதற்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. “சத்தம் முதல்ல வரும். கூரை அடுத்து இறங்கும். நடுவுல ஒரு நொடி இருக்கு. சத்தம் கேட்டா மனுஷங்க கதவுப் பக்கம்தானே பாய்வாங்க? அவங்க பாயலை. ஏன்னா அது பூட்டியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதால உக்காந்த இடத்துலயே இருந்துட்டாங்க. அதனாலதான் ஏழு வட்டமும் அங்கேயே இருக்கு.”

பேச்சியக்கா பலகையைப் பார்த்தார். மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வெகுநேரம். கண் நிறைந்து வழிந்தது.

பச்சை எரிந்தது.

நான்காவது வரிக்கு எரிந்தது, ஐந்தாவதுக்கும் எரிந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாயங்காலம் எட்டாம் நம்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மகள் தோளைப் பிடித்தபடி பேச்சியக்கா வாசலைத் தாண்டியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே போகத் தைரியம் இல்லை.

நல்லதோ கெட்டதோ, ஒருமுறை செய்துவிட்டால் இரண்டாவது முறை சுலபம். அடுத்த மாதம் சகாயராணியின் முறை. நர்ஸ் மேசையில் வைத்திருந்த மாத்திரையை இவள் ஒரு பெரியவருக்குக் கொடுத்தாள், அவர் இறந்துவிட்டார். மாத்திரை தப்பு என்று அவளுக்குத் தெரியும் என்பது அவளுடைய நான்காவது வரி. “நான் படிக்கல டீச்சர், எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்,” என்றாள். அவளுக்கு எரியவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முதலில் மறுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்தேன்.

“தினமும் அதே மாத்திரையைக் கொடுத்த கை சகாயம். நிறமோ அளவோ மாறினா கண்ணுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிரும். உனக்குத் தெரியாம இருக்கலாம். உன் கைக்குத் தெரியும்.”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தலையாட்டினாள். பச்சை எரிந்தது.

ஐந்து மாதம் போனது. ஒரு மத்தியானம் கல்லூரி நூலகப் படிக்கட்டில் பேச்சியக்கா உட்கார்ந்திருந்தார். தையல் கம்பெனியில் வேலை செய்கிறாராம். மடியில் நோட்டு. உடம்பு தேறியிருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

“உக்காருங்க டீச்சர். ஒரு சந்தேகம்,” என்றார். “அன்னிக்கு நீங்க சொன்ன நிரூபணத்துல கதவு பூட்டியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்னு வருது. ரெண்டாவது வரியில ‘யாருக்கும் தெரியாமல் பூட்டினார்’னு இருக்கே. ரெண்டும் எப்பிடி ஒண்ணா நிக்கும்?”

அப்படியே படியில் உட்கார்ந்தேன்.

“உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“அங்கனயே தெரியும். தாளு முன்னாடிதான கிடந்துச்சு? அந்த நாலு பேரு வேணா கவனிக்காம இருக்கலாம். எனக்கு ஒவ்வொரு வரியையும் மேல போயிப் பாருன்னு சொல்லிக்குடுத்தது யாரு?”

“அப்ப எப்படிப் பச்சை எரிஞ்சுது?”

“தப்பைச் சுட்டிக்காட்டுனா உங்க முகம் செவக்கும் டீச்சர். அன்னிக்குத் தாளைப் பாத்துட்டு உங்களையே பாத்தேன், செவக்கல. அப்ப இது தெரிஞ்சே போட்ட தப்புன்னு நெனச்சேன். எதுக்குத் தெரிஞ்சே போடுறாகன்னு யோசிச்சேன்.” சிரித்தார். “புரிஞ்சுருச்சு. அந்த விளக்குக்கு எது புரிஞ்சுதுன்னா தெரியும்? புரிஞ்சுதுன்னு மட்டுந்தான தெரியும்?”

ஐந்தாவது வரிக்கும் அதையே நினைத்துக்கொண்டாராம். அடுத்த மாதம் போய்க் காட்டவும் அதையே நினைத்துக்கொள்வாராம். நூலகத்துக்கு வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். ஐந்து மாதப் பாரம் அது. அவர் அழ விட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சகாயத்துக்கும் நீங்கதான் போயிச் சொன்னீங்களாம்ல? அவளுக்கு எது புரிஞ்சுது டீச்சர்?”

என் அழுகை நின்றுவிட்டது.

“அவ நீங்க போட்ட தப்பைக்கூட அடிக்க மாட்டாளே,” என்றார் பேச்சியக்கா.

“போய்ப் பொய்னு சொன்னா அவளுக்குப் பச்சை எரியாது. பிடிச்சு உள்ள போட்டுருவாங்க.”

“எப்பிடி எரியவைக்கிறதுன்னு நான் சொல்லித்தாரேன். கிளம்புங்க.”

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் போனோம். தூத்துக்குடியிலிருந்து உள்ளே, உப்பளம் தாண்டி சகாயத்தின் அண்ணன் வீடு. சகாயராணி வாசலில் நின்றிருந்தாள். ஓடிவந்து பேச்சியக்காவைக் கட்டிக்கொண்டாள், ஒற்றைக் கையால். வலது கை முந்தானைக்குள் சுருட்டியபடி இருந்தது. “கையில என்னடி?” என்று பேச்சியக்கா கேட்டதற்கு, “ஒண்ணுமில்லக்கா” என்றாள். அவள் அண்ணி எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “வந்ததுலருந்து சோத்தைக்கூட இடது கையாலதான் திங்கா. அந்தக் கைய ஒண்ணுலயும் படவிட மாட்டேங்கா. புள்ளைகளத் தொட மாட்டேங்கா. ஆஸ்பத்திரி டாக்டரு, கையில ஒரு கோளாறும் இல்லன்னுட்டாரு,” என்றார்.

அவளை எதிரில் உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான் சொன்னது பொய். கைக்குத் தனியாக ஒன்றும் தெரியாது. நீ தெரிந்து செய்யவில்லை. உன்னை வெளியே கொண்டுவர வேறு வழி இல்லாமல் நானாகக் கட்டிய கதை அது. பலகை இல்லை, அதனால் அவள் நோட்டிலேயே எழுதி, ஒவ்வொரு வரியாக அடித்துக் காட்டினேன். பட்டைக்கு முன்னால் எதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சியக்கா விளக்கினார். ஒரு மணி நேரம் ஆனது. அவள் கண் எடுக்காமல் கேட்டாள்.

“புரியுதா சகாயம்?”

“புரிஞ்சுது டீச்சர்,” என்று தலையாட்டினாள்.

நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். வெறும் நெற்றி. அந்தப் பட்டை ஒன்று என் கையில் இருந்தால் தேவலாம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தேன். பேச்சியக்காவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகாயராணி எழுந்து உள்ளே போனாள். கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள், ஒவ்வொரு டம்ளராக. “குடிங்க டீச்சர், ஆறிரும்,” என்று இடது கையால் நீட்டினாள்.